சாந்தத்திற்கு ஒரு சாட்சி

மலையின்மேல் அமர்ந்து ஆண்டவர் பாக்கியவான்கள் என்று அழைத்தவர்களில் மூன்றாவதாக நிற்கிற சாந்தகுணமுள்ளவர்களைப் பற்றியே இன்று தாம் பேசப்போவதாகக் குருவானவர் அறிவித்தபோது, வாசலையொட்டிய கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த ஞானாபரணத்துக்கு அது தம்மை வைத்துத் தேர்ந்தெடுத்த வசனம் என்பது உடனே விளங்கிவிட்டது. மற்றவர்களுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஆண்கள் பக்கத்தில் இரண்டொரு தலைகள் திரும்பி, பார்க்காததுபோல் மறுபடி நேராயின. பிரசங்கம் முடிந்தால் ஒரு பாட்டு. பாட்டு முடிந்தால் அவரை முன்னே அழைப்பார்கள். திருவிருந்து மேசைக்கு எதிரேயுள்ள படியில் அவர் முழங்காலிட வேண்டும். ஈசாக்கின் அடக்க நாளில் கல்லறைத் தோட்டத்தின் வாசலைப் பூட்டிப் பிரேதத்தை வெளியே காக்க வைத்தது நீர்தானா, அதற்காக மனம் வருந்துகிறீரா என்று குருவானவர் கேட்பார். ஆம் ஐயா என்று அவர் சொல்ல வேண்டும். அதற்குமேல் ஒன்றுமில்லை. ஒரு வருஷமாகத் திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தவரைக் கைதூக்கி எழுப்பிச் சபையோடு மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். வெளியே வந்தால் தோளில் தட்டுவார்கள். சற்று முன்புதான், மணியடிக்கிற பொன்ராசு பெஞ்சின் பின்னால் குனிந்து, "அண்ணாச்சி, முழங்கால் போட முடியுமா, இல்ல ஒரு தலையாணி கொண்டாந்து போடட்டா?" என்று கேட்டுவிட்டு, "ஒத்த வார்த்தைதான, சட்டுன்னு சொல்லிட்டு வாரும். இன்னைக்குப் பிரசங்கமும் நீளம்னு நெனைக்கேன், மனுசனுக்குப் பசிக்கும்லா" என்று சொல்லிப் போனான். ஒற்றை வார்த்தைதான். ஆனால் வாசலைப் பூட்டியது அவர் அல்ல.

குருவானவர் மூலபாஷையிலிருந்து தொடங்கினார். சாந்தம் என்று நாம் வாசிக்கிற சொல் அந்தக் காலத்தில் பழக்கப்பட்ட குதிரைக்கும் சொல்லப்பட்டதாம். பலமற்ற குதிரையல்ல, தன் பலம் முழுவதையும் எஜமானின் கைக்குள் ஒப்புக்கொடுத்த குதிரையாம். நல்ல விளக்கந்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஞானாபரணம் குதிரையைக் கல்யாண ஊர்வலத்தில் பார்த்ததோடு சரி. அவர் மனம் மாட்டின் பின்னால் போயிற்று. தகப்பனாரின் தொழுவில் ஒரு மயிலைக் கன்றுக்கு மூக்குக் குத்திய நாள் அது. ஆட்கள் கூடிப் பிடித்தும் திமிறிய கன்று, கயிறு கோத்த மறுநாள் ஒரு சிறு பெண் இழுத்தாலும் பின்னால் நடந்தது. பார்த்தவரெல்லாம் சாந்தமான மாடு என்றார்கள். சாந்தமா, மூக்கின் வலியா என்று அதனிடம் கேட்டவர் யார்? அப்படியானால் குதிரை என்று சொல்லி நிறுத்தினால் போதாது, கயிறு யார் கையில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? ஆண்டவர் கையில் இருந்தால் ஒன்று; அருமைநாயகத்தின் கையில் இருந்தால் வேறொன்று. அருமைநாயகம் முன்வரிசையில், கமிட்டிக்காரர்களுக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் தொடங்கிய நேரம் முதல் ஞானாபரணத்தின் கண்ணுக்கு அவருடைய பிடரிதான் தெரிந்துகொண்டிருந்தது. புதிதாய் முடி வெட்டி, பவுடர் போட்ட பிடரி. வேதபாடத்தை வாசித்தவரும் அவர்தான். கணீரென்ற குரல், ஒரு சொல் தடுக்கவில்லை. அந்தப் பிடரியைப் பார்க்கக் கூடாது என்று மின்விசிறியைப் பார்த்தார். விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் வந்து முனகிவிட்டுப் போயிற்று. ஞானம் சாந்தப்பிள்ளை, எதுவும் கேட்க மாட்டான் என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். மீன்குழம்பில் நடுத்துண்டு அண்ணனுக்கு, வால்துண்டு அவருக்கு. துண்டோடு கூடவே இந்தப் புகழ்ச்சியும் தட்டில் விழும். அந்தப் புகழ்ச்சி நடுத்துண்டைவிட ருசியாக இருந்தது என்பதை இந்த வயதிலாவது ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அப்போது அது சாந்தமா, சாந்தன் என்ற பெயரின்மேல் வந்த ஆசையா? அந்த ஆசைக்கும் ஒரு கயிறு உண்டு. வலிக்காத கயிறு, அதனால்தான் அது மூக்கில் கிடப்பதே இத்தனை காலமாகத் தெரியவில்லை.

தெரியவில்லை என்று சொல்வதும் முழு உண்மையல்ல. சாவி கைமாறிய அன்று தெரியவில்லை, அவ்வளவுதான். பஞ்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவருக்குச் சபை கொடுத்த ஒரே கௌரவம் கல்லறைத் தோட்டத்துச் சாவி. அருமைநாயகம் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலேயே, "அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்வே. சாவியக் குடும், நாளைக்குத் தாரேன்" என்றபோது கொடுத்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவனுக்கு எதற்கு என்று கேட்டா சாவி கொடுப்பார்கள்? மறுநாள் கண் காட்ட அவர் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தார். அன்று காலையில்தான் தெற்குத் தெரு ஈசாக்கு இறந்தது. ஈசாக்கின் குடும்பம் ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்கு வந்து அதிக நாளாகவில்லை. கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒரே சரீரம் என்று பாடுகிற ஊரில், கல்லறைத் தோட்டத்தில் மட்டும் பழைய குடும்பங்களுக்குப் பழைய இடம் என்று ஒரு வழக்கம் இருந்தது; தெற்குத் தெருவிலிருந்து அங்கே வந்த முதல் பெட்டி ஈசாக்கினுடையது. அந்தி நேரத்துப் பேருந்தில் கண்ணில் மருந்து விட்ட கலங்கலோடு ஞானாபரணம் இறங்கியபோது மழை ஊற்றிக்கொண்டிருந்தது. குடையோடு ஓடிவந்த அருமைநாயகம் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "ஓடும்வே, ஓடிப் போய்த் தெறந்து விடும். போலீசுக்குச் சொல்லியாச்சாம்." என்ன, ஏது என்று கேட்கத் தோன்றவில்லை. ஓடினார். தேரிச் செம்மணல் காலில் அப்பிக்கொள்ள, கையில் சாவியோடு அவர் ஓடிவந்ததை வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்; பூட்டிவிட்டுச் சாவியோடு ஊரைவிட்டுப் போயிருந்தார் என்றே எண்ணிக்கொண்டார்கள். பெட்டியின்மேல் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அது போதாமல் ஒரு மூலை நனைந்துகொண்டிருந்தது. அந்த மூலையைத் தன் முந்தானையால் மூடியபடி ஈர மணலில் உட்கார்ந்திருந்த ராகேல், ஈசாக்கின் மனைவி, நிமிர்ந்து பார்த்தாள். "இப்பந்தான் மனசு வந்துச்சாய்யா ஒமக்கு?" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. கண் கலங்கலில் பூட்டின் துவாரம் அகப்படாமல் சாவி இரும்பில் உரசிக்கொண்டேயிருந்தது. யாரோ பின்னாலிருந்து, பூட்டும்போது கண்ணு நல்லாத் தெரிஞ்சுதோ என்றார்கள்.

சாந்தகுணம் என்பது பழிவாங்குவதைக் கர்த்தருக்கு விட்டுவிடுவது என்று குருவானவர் சொல்லிக்கொண்டிருந்தார். பழிவாங்க யார் கேட்டார்கள்? ஞானாபரணம் கேட்டது பழியல்ல. அந்த வாரத்தில் ஒரு நாள் அருமைநாயகம் கொல்லைப்புறமாக வந்து, கிணற்றடியில் நின்றுகொண்டே அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மகளுக்குக் கல்யாண அறிக்கை கோயில்ல வாசிச்சாச்சு. இப்ப என் பேரு வெளிய வந்தா மாப்பிள்ள வீட்டுக்காரன் இந்தத் தெசைக்கே வர மாட்டான். பெரியவங்க சொன்னாங்க, கொஞ்ச நேரம் பூட்டி வச்சா அவங்களே வேற எடம் பாத்துப் போயிருவாங்கன்னு. மழை வரும்னு எனக்குத் தெரியுமா? நீரு பொய் சொல்ல வேண்டாம். பேசாம இரும், அது போதும். கல்யாணம் முடிஞ்ச மறு ஞாயிறு நானே எழும்பி நின்னு சொல்லுதேன். சத்தியம்." பிடித்த கைகளை அவர் விடவில்லை. அப்படிப் பிடித்த கையை எப்படி உதறுவது? பிறகு குருவானவர் வந்தார். அவருக்கு எதுவும் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்க வேண்டிய அளவுக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. "யார் பூட்டினாலும் சபைதான் பூட்டினது அண்ணாச்சி. ஒருத்தர் தாங்கிக்கிட்டா சபை பொழச்சுக்கும். உங்கள மாதிரி சாந்தமானவங்களாலதான் அது முடியும்" என்றார். மறுபடியும் வால்துண்டு. மறுபடியும் அந்த ருசி. கல்யாணம் முடிந்தது. மறு ஞாயிறு அருமைநாயகம் எழும்பவில்லை. மாப்பிள்ளை விருந்துக்கு வந்திருக்கிறார் என்றார்கள். அதன்பின் கமிட்டித் தேர்தல் வந்தது. அருமைநாயகம் செயலர் ஆனார். சென்ற வாரம் ஞானாபரணமே அவர் வீட்டுக்கு நடந்து போய், முழங்காலிட நாள் குறித்துவிட்டார்களே, நீர் எப்போது சொல்லப்போகிறீர் என்று கேட்டார். அருமைநாயகம் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "ஆறிப்போன புண்ண எதுக்குவே கெளறுதீரு? ஒரு நாள் முழங்கால் போட்டா முடிஞ்சுது. எனக்குன்னா அது பாரம். நீரு சாந்தமான ஆளு, ஒமக்கு இது ஒரு பாரமா?" என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து, "ஏட்டி, ஞானத்துக்குக் காப்பி கொண்டா" என்றார். காப்பி வந்தது. ஞானாபரணம் அதைக் குடித்தார். எழுந்து வந்திருக்கலாம், தம்ளரை வைத்துவிட்டாவது வந்திருக்கலாம். குடித்தார், அடிமண்டி வரைக்கும் குடித்தார், நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொன்னார். சொன்ன வாக்கை அவன் விழுங்கியதைவிட, தாம் அந்தக் காப்பியை விழுங்கியதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. இப்போதும், இந்த பெஞ்சில், எச்சிலை விழுங்கினால் அந்தக் கசப்பு வருகிறது.

போகட்டும், வீட்டுக்குள்ளாவது ஒருத்திக்குத் தெரியும் என்று இருந்தார். மனைவி லில்லிபுஷ்பத்திடம் அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு, ஒரு பிணத்தை மழையில் போடுகிறவனா இவன் என்பது சொல்லியா தெரிய வேண்டும்? ஊர் அவரைப் பார்த்து முகம் சுளித்த நாட்களில் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை; முன்னிலும் பதமாகவே நடந்துகொண்டாள். சனிக்கிழமைதோறும் ஒரு தூக்குச்சட்டியில் குழம்போ பலகாரமோ எடுத்துக்கொண்டு தெற்குத் தெருவுக்கு, ராகேல் வீட்டுக்குப் போய் வந்தாள். தம் மனைவியின் அன்பு எவ்வளவு பெரியது என்று அவர் உள்ளூரப் பெருமைப்பட்டதுண்டு. இன்று காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, தோளில் போடுகிற நேரியலை மடித்து நீட்டியவள், "இன்னைக்கோட ஒங்களுக்கு ஒரு பாரம் எறங்கிரும்" என்றாள். பிறகு, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு, "நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன்" என்றாள். எதை என்று கேட்டார். "எதையா? அந்தப் பூட்டத்தான். ஒங்க சொந்தக்காரங்க பேச்சக் கேட்டுச் செஞ்சிருப்பீங்க. நான் கேட்டா ஒங்களுக்கு நோவும்னுதான் கேக்கல. அதுக்குத்தான அந்த ராகேல் பிள்ளைக்கு நான் வாரா வாரம் கொண்டு போய்க் குடுக்கேன்." அவள் குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியாததாயிருந்தது. ஒரு வருஷமாக அவர் பக்கத்தில் படுத்து எழுந்தவள் ஒரு குற்றவாளியின் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறாள். பொறுமையாக, முணுமுணுக்காமல், அவர் செய்யாததற்குப் பிராயச்சித்தம் செய்துகொண்டு. பகைவன் நம்பாவிட்டால் அது பகை. அருமைநாயகம் ஏமாற்றினால் அது பயம், சுயநலம், ஏதோ ஒன்று, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அன்பாயிருந்துகொண்டே நம்பாமல் இருந்ததற்கு என்ன பெயர்? அவளுடையதும் சாந்தந்தான். அந்தச் சாந்தம் அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பொத்தானைத் தவறான துவாரத்தில் போட்டுவிட்டது கோயிலுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. இன்னும் அப்படியே கிடக்கிறது. ராகேல் அந்தக் குழம்பை வாங்கிக்கொண்டாளே, என்ன நினைத்து வாங்கியிருப்பாள்? பூட்டியவன் வீட்டுச் சோறு என்று. பெண்கள் பக்கத்தில் தூணுக்கு அருகே ராகேலின் வெள்ளைச் சேலை தெரிந்தது. இன்று ஆம் ஐயா என்று சொல்லிவிட்டால், இருக்கும் காலமெல்லாம் அவள் தன் புருஷனை மழையில் கிடத்தியவன் இன்னான் என்று ஒரு பொய்யை நம்பிக்கொண்டு, உண்மையில் பூட்டியவன் கணீரென்று வாசிக்கிற வேதபாடத்துக்கு ஆமென் சொல்லிக்கொண்டிருப்பாள். இதுவரை அது அவருக்குத் தோன்றவில்லை. தமக்கு நேர்ந்த அநியாயம் என்றே எண்ணிக்கொண்டிருந்தார். விட்டுக்கொடுக்கத் தமக்கு உரிமையுள்ள பொருள் என்றே எண்ணிக்கொண்டிருந்தார். உண்மை மீன்குழம்பின் நடுத்துண்டு அல்லவே, அவர் வேண்டாம் என்று ஒதுக்க.

மோசேயைப் பற்றிக் குருவானவர் பேசினார். பூமியிலுள்ள மனிதர் எல்லோரிலும் சாந்தமானவன் என்று பெயர் பெற்றவன். அந்த மோசேதான் ஜனங்கள் வணங்கிய பொன் கன்றுக்குட்டியைக் கண்டு கற்பலகைகளை எறிந்து உடைத்தவன், அதை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்? ஆண்டவர் ஆட்டுக்குட்டியைப்போல் வாய் திறக்காதிருந்தார் என்றார். இருந்தார், பிலாத்துவுக்கு முன்பாக இருந்தார். ஆனால் அதற்கு முந்தின ராத்திரி பிரதான ஆசாரியனின் சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது அவர் மற்றக் கன்னத்தைத் திருப்பிக் காட்டவில்லை. நான் பேசியது தப்பென்றால் எது தப்பு என்று காட்டு, தப்பில்லையென்றால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். கேட்டார். ஞானாபரணம் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை பெரிய வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பகுதியை வாசிக்கக் கேட்டிருக்கிறார். அது காதில் பட்டு வழிந்து போயிருக்கிறது. திருப்பி அடிக்கவில்லை, சபிக்கவில்லை, ஓடவுமில்லை. கட்டுண்ட கையோடு, அறைந்தவனையும் ஒரு மனிதனாக மதித்து, ஒரு கேள்வி கேட்டார். அது சாந்தமில்லை என்று யார் சொல்லுவார்கள்? ஆனால் அவர் ஆண்டவர். அவருக்குக் குரல் நடுங்கியிருக்காது. தமக்கு நடுங்கும். இத்தனை பேருக்கு முன்னால் அவர் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. ஆலையில் மேஸ்திரியிடம் சொன்னதில்லை, அண்ணனிடம் சொன்னதில்லை. சொன்னால் என்ன ஆகும்? கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். விலக்கு நீடிக்கும். செத்தால் அந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே இடம் உண்டோ இல்லையோ. அருமைநாயகத்தின் மகள் தூத்துக்குடியில் மாமியார் வீட்டில் என்ன பாடு படுவாளோ. பாவம், சின்னப் பிள்ளையில் தோளில் தூக்கிச் சுமந்த பிள்ளை. ஆம் ஐயா என்றால் எல்லாம் முடிந்துவிடும். ஆம் ஐயா. எவ்வளவு எளிதாக வருகிறது அந்தச் சொல், வாயிலேயே குடியிருப்பதுபோல. எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்; ஆர்மோனியம் தொடங்கிவிட்டது; பிரசங்கம் எப்போது முடிந்தது? பொன்ராசு தூணருகில் நின்று, தயாரா என்பதுபோல் தலையை ஆட்டினான். பாட்டின் கடைசி அடியில் ஆண்கள் பக்கத்துக் குரல்கள் தாழ்ந்தன, அருமைநாயகத்தின் குரலைத் தவிர.

"சகோதரர் ஞானாபரணம் முன்னே வரவும்" என்று குருவானவர் அழைத்தார். அவர் எழுந்து நடந்தார். நடுவழி எப்போதும் இவ்வளவு நீளமாயிருந்ததில்லை. படியில் முழங்காலிட்டார், கல் குளிர்ந்திருந்தது. குருவானவர் புத்தகத்தைப் பார்க்காமலே, மிருதுவான குரலில் கேட்டார்.

"ஈசாக்கின் அடக்க நாளில் கல்லறைத் தோட்டத்து வாசலைப் பூட்டியது நீர்தானா? அதற்காக மனம் வருந்துகிறீரா?"

"இல்லை ஐயா."

குருவானவர் சற்றே குனிந்தார். "கேள்வி காதுல விழுந்துதா அண்ணாச்சி?"

"விழுந்தது ஐயா. நான் பூட்டவில்லை."

பெண்கள் பக்கத்தில் ஒரு பெஞ்சு நகர்ந்தது. ராகேல் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் சத்தமிடவில்லை, கடையில் ஒரு பொருளின் விலையைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அப்ப யாருய்யா பூட்டுனது?"

ஞானாபரணம் முழங்காலில் இருந்தபடியே திரும்பி அருமைநாயகத்தைப் பார்த்தார். கை எட்டும் தூரத்தில்தான் அவர் இருந்தார். இத்தனை நேரம் பிடரியாக இருந்தது இப்போது முகமாக இருந்தது. எழும்பு, என்று மனதுக்குள் அவரை வேண்டிக்கொண்டார். பழைய பள்ளிக்கூடப் பலகைக்காகவாவது எழும்பு. நான் சொல்லும்படி விட்டுவிடாதே. அருமைநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நேரியல் முனையால் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, மடியிலிருந்த பாட்டுப்புத்தகத்தைத் திறந்து ஏதோ ஒரு பாட்டைத் தேடத் தொடங்கினார்.

"அன்றைக்குச் சாவி இவரிடம் இருந்தது தாயே" என்றார் ஞானாபரணம். "முந்தின நாள் வாங்கிக்கொண்டு போனார். நான் இறங்கி வந்தபிறகுதான் என் கையில் கொடுத்தார்."

புத்தகம் மூடியது. "ஞானம்" என்றார் அருமைநாயகம். அந்தக் கணீர்க் குரல் எங்கேயோ போயிருந்தது. "இப்படிச் செஞ்சிட்டீரேவே. ஒம்ம நம்புனேனே." அவர் நடிக்கவில்லை. முகத்தில் மெய்யாகவே துரோகம் செய்யப்பட்டவனின் திகைப்பு இருந்தது. உதடு கோணிக்கொண்டு போயிற்று. இவனுக்கும் அதே வலிதானா என்று ஞானாபரணம் ஒரு கணம் அயர்ந்து போனார்.

குருவானவரின் கை அவர் தோளில் இறங்கி அழுத்தியது. "சாந்தம் அண்ணாச்சி, சாந்தம்" என்றார் காதோரமாக.

"சாந்தமாகத்தான் சொல்லுகிறேன் ஐயா."

அது உண்மை. அவர் குரல் உயரவில்லை, நடுங்கவுமில்லை. தோளிலிருந்த கையைத் தம் கையால் மெதுவாக எடுத்துவிட்டு எழுந்தார். கேட்டவளுக்கு ஒருமுறை தலை தாழ்த்தினார். திருவிருந்து மேசைக்கு முதுகைக் காட்டி, வந்த வழியே நடந்தார். ராகேல் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், அவள் கண்கள் முன்வரிசையைவிட்டு அசையவில்லை. அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் லில்லிபுஷ்பம் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவர் கடந்துபோகையில் அவள் கை நீண்டு அவர் சட்டையின் ஓரத்தைத் தொட்டது, பிடிக்கத் தைரியமில்லாமல் விலகியது. அவர் நிற்கவில்லை. அருமைநாயகத்தைக்கூட என்றைக்காவது மன்னித்துவிடலாம், இவளை மன்னிக்கத்தான் நெடுநாள் ஆகும் என்று நினைத்துக்கொண்டே போய் வாசலோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்.